மழைக்காலக் காளான்: உணவா, மருந்தா, ஆபத்தா?

குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். இரண்டுக்கும் முன்னால் இடியோடு கூடிய மழை சில நாள் பெய்யும். அந்த மழை நின்ற மறுநாள் காலையில் தென்னந்தோப்பிலும், ரப்பர் தோட்டத்தின் ஓரத்திலும், கரையான் புற்றைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காளான்கள் தலைகாட்டும். எல்லையை ஒட்டிய ஊர்களில் மலையாள வழக்கில் இதைக் 'கூண்' என்பார்கள்.

காளான் முளைக்கும் காலத்தில் நம் கைபேசிகளிலும் சில செய்திகள் முளைக்கின்றன. "காட்டுக் காளானில் இருக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் புற்றுநோயைக் குணமாக்கும்" என்கிறது ஒன்று. "காளான் சாறு கண்ணுக்கு மருந்து என்று நபி (ஸல்) அவர்களே சொல்லிவிட்டார்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள்" என்கிறது இன்னொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதி எது, மீதி எது என்று பிரித்தறியாமல் அடுப்பில் ஏற்றினால் ஒரு குடும்பத்தின் உயிரே போகக்கூடும். ஆகவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

நம் மலையடிவாரத்துக் காளான்கள்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு அப்பால் உள்ள மலைகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். எந்தக் காளான் எந்த மரத்தில், எந்த மழைக்குப் பின் வரும், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு இதைப் பதிவு செய்திருக்கிறது. குமரி மாவட்டக் காணிகளின் உணவுப் பழக்கத்தில் காளான்களுக்கு உள்ள இடம் பற்றிய அவர்களுடைய கட்டுரை, இந்தியப் பாரம்பரிய அறிவு குறித்த ஆய்விதழில் 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்மாவட்டத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கும் உண்ணத்தக்க காளான்களின் சத்துகளைப் பற்றியும் அதே ஆய்வாளர்களில் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே கிடைப்பவற்றில் பலருக்கும் தெரிந்தது புற்றுக்காளான். அறிவியலில் இதன் பேரினம் டெர்மிட்டோமைசிஸ். கரையான்கள் மரத்தூளையும் சருகையும் மென்று புற்றுக்குள் அடுக்கி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. நம்மால் செரிக்க முடியாத மரநாரை அந்தப் பூஞ்சை பக்குவப்படுத்திக் கொடுக்க, கரையான் அதை உண்கிறது. மழை பெய்ததும் அதே பூஞ்சை மண்ணைப் பிளந்துகொண்டு குடையாக வெளியே வருகிறது. அதனால்தான் இதைப் பிடுங்கினால் நீண்ட வேர் போன்ற தண்டு புற்றின் ஆழம்வரை போகிறது. இவ்வகையிலேயே அரிசி மணிகளைக் கொட்டியதுபோலக் கூட்டமாக முளைக்கும் சின்னஞ்சிறு காளானும் உண்டு. கரையானின் துணையில்லாமல் புற்றுக்காளானை வணிக அளவில் வளர்க்க இதுவரை வழி பிறக்கவில்லை. அல்லாஹ்வின் படைப்பில் எத்தனை சிறிய உயிருக்கும் எவ்வளவு நுட்பமான வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

பட்ட மரத்தில் காது மடல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் காளான், வைக்கோல் போரில் வரும் காளான், சிப்பிக்காளான் வகைகள் ஆகியவையும் மலையடிவாரத்தில் கிடைக்கின்றன.

ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது என்ன?

திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயின் கொழுப்பைச் சிதைப்பதே காரணம். நம் உடலிலும் உணவை எரித்துச் சக்தியாக்கும்போது, ஆக்ஸிஜனிலிருந்து சில துடிப்பான மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவை அளவோடு இருந்தால் கிருமிகளை எதிர்க்க உதவும். அளவு மீறினால் செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் சேதப்படுத்தும். புகை பிடித்தல், மாசடைந்த காற்று, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் போன்றவை இந்தச் சேதத்தைக் கூட்டும். இதைத் தணிக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். நம் உடலே இவற்றில் சிலவற்றைத் தயாரித்துக்கொள்கிறது. மீதி உணவிலிருந்து வருகின்றன.

காளான்களில் இப்படிப்பட்ட பொருள்கள் பல உண்டு. பீனால் வகைச் சேர்மங்கள், குளூட்டத்தயோன், செலினியம் ஆகியவை பழம், கீரை, மீன் போன்ற வேறு உணவுகளிலும் கிடைக்கும். காளானுக்கே சிறப்பானது எர்கோதயோனைன். 1909ஆம் ஆண்டு சார்லஸ் டான்ரே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். மனித உடல் இதைத் தயாரிக்காது, செடிகொடிகளும் தயாரிப்பதில்லை. பூஞ்சைகளும் சில நுண்ணுயிர்களும்தான் தயாரிக்கின்றன. ஆனாலும் நம் செல்களின் சவ்வில் இந்த ஒரு பொருளை இழுத்து உள்ளே சேர்ப்பதற்கென்றே ஒரு புரத வாசல் இருப்பதை 2005ஆம் ஆண்டு ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உடலுக்குத் தேவையில்லாத ஒன்றுக்கு இப்படித் தனி வாசல் இருக்குமா என்ற கேள்வியோடுதான் அதற்குப் பிந்தைய ஆய்வுகள் நடக்கின்றன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. 60 வயதைக் கடந்த 663 சீனர்களிடம் நடந்த ஆய்வு அது. வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல், அதாவது சுமார் 300 கிராமுக்கு மேல் சமைத்த காளான் சாப்பிட்டவர்களிடம், லேசான நினைவாற்றல் குறைபாடு காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அவர்கள் சாப்பிட்டது சிப்பிக்காளான், ஷிட்டாக்கே, மொட்டுக்காளான் போன்று கடையில் கிடைக்கும் காளான்களைத்தான். காட்டில் பறித்தவை அல்ல. அதோடு, காளான் சாப்பிடுபவர்களிடம் குறைபாடு குறைவாக இருந்தது என்றுதான் இந்த ஆய்வு காட்டுகிறது. காளான்தான் அதற்குக் காரணம் என்று உறுதியாக நிறுவவில்லை.

காளானின் செல் சுவரில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து குடலுக்கு நல்லது. எர்கோஸ்டீரால் என்ற இன்னொரு பொருள் வெயில் பட்டால் வைட்டமின் டி2ஆக மாறும். வெயிலில் நிற்க வாய்ப்புக் குறைவான நம் வீட்டுப் பெண்களுக்கு இது பயனுள்ள செய்தி. கடையில் வாங்கிய காளானை நறுக்கி, சமைக்கும் முன் நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் அதில் வைட்டமின் டி கூடும். ஆனால் மருத்துவர் குறைபாடு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், அதை நிறுத்திவிட்டுக் காளானை நம்பக்கூடாது.

ஆய்வுக்கூடம் சொல்வதும் சொல்லாததும்

'இந்தக் காளானில் ஆன்டி ஆக்ஸிடன்ட் ஆற்றல் அதிகம்' என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் எப்படி வருகிறார்கள்? பெரும்பாலும் காளானைக் காயவைத்துப் பொடித்து, சாராயத்திலோ வெந்நீரிலோ சாறு இறக்குவார்கள். டிபிபிஹெச் என்ற கருஊதா நிறக் கரைசலில் அந்தச் சாற்றைச் சேர்ப்பார்கள். ஊதா நிறம் எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறதோ, அவ்வளவு ஆற்றல் என்று கணக்கு. இது பயனுள்ள சோதனைதான். ஆனால் நடப்பது சோதனைக் குழாயில். நாம் சாப்பிடும் காளான் வாணலியில் வெந்து, வயிற்றில் செரித்து, கல்லீரலைக் கடந்து செல்ல வேண்டும். குழாயில் நிறம் மாறியதால் நோயாளியின் உடலில் கட்டி கரையும் என்று பொருளாகாது. இந்த இடைவெளியைத் தாண்டித்தான் பகிரப்படும் செய்திகள் 'புற்றுநோய்க்கு மருந்து' என்று குதித்துவிடுகின்றன.

ஜப்பானில் ஷிட்டாக்கே காளானிலிருந்து எடுத்த லென்டினான் என்ற பொருளை இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது தூய்மைப்படுத்தி ஊசி மூலம் செலுத்தப்படுவது. கீமோதெரபியோடு சேர்த்துத் தரப்படும் துணை மருந்து. காளான் குழம்பும் அதுவும் ஒன்றல்ல.

புரதக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. 'காளானில் 25 சதவீதம் புரதம், இறைச்சிக்குச் சமம்' என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு காய்ந்த காளானுக்கு உரியது. பச்சைக் காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர்தான். 100 கிராம் பச்சைக் காளானில் 2 முதல் 4 கிராம் புரதம் இருக்கும். 100 கிராம் முட்டையில் சுமார் 13 கிராம். காளான் நல்ல உணவு. ஆனால் முட்டை, மீன், பருப்பு இவற்றுக்குப் பதிலாக அல்ல, இவற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டியது.

ஹதீஸில் வரும் 'கம்ஆ' எது?

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். கம்ஆ என்பது மன்னு வகையைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஸயீத் பின் ஸைத் (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள ஆதாரப்பூர்வமான ஹதீஸ். சிலர் கம்ஆவைப் 'பூமியின் அம்மை' என்று குறைவாகப் பேசியபோது இவ்வாறு கூறப்பட்டதாகத் திர்மிதியில் உள்ள அறிவிப்பு சொல்கிறது. மன்னு என்பது பனூ இஸ்ராயீல் மக்களுக்கு அவர்களின் உழைப்பின்றி அல்லாஹ் அருளிய உணவு. விதைக்காமல், நீர் பாய்ச்சாமல் கிடைப்பதால் கம்ஆவும் அதோடு ஒப்பிடப்பட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'கம்ஆ' என்ற சொல் 'காளான்' அல்லது 'சமையல் காளான்' என்று இடம்பெறுகிறது. நம் மொழியில் அதற்கு நேரான சொல் இல்லாததால் அப்படி எழுத வேண்டியிருக்கிறது. உண்மையில் கம்ஆ என்பது அரபுப் பாலைவனத்தில் மழைக்குப் பின் மண்ணுக்கு அடியில் உருளைக்கிழங்குபோல் திரளும் பூஞ்சை. அதற்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. பாலைவனச் செடிகளின் வேரோடு சேர்ந்து வளரும். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் சகோதரர்கள், குளிர்காலம் முடியும் நேரத்தில் சவூதி, குவைத் சந்தைகளில் அதிக விலைக்கு இது விற்கப்படுவதைப் பார்த்திருப்பார்கள். அங்கே 'ஃபகஃ' என்றும் சொல்வார்கள். நம் தோப்பில் குடை விரிக்கும் காளானும் அதுவும் பூஞ்சை என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைத் தவிர, நெருங்கிய உறவு கிடையாது.

பாலைவனக் கம்ஆவின் நீர்ச்சாறு ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியைக் கட்டுப்படுத்துவதை ஜோர்டான் ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு சோதனைக்கூடத்தில் கண்டார்கள். இது ஈமான் கொண்ட உள்ளத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதே நேரத்தில், அந்த நீரை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் முற்கால அறிஞர்களிடமே வெவ்வேறு விளக்கங்கள் இருந்தன. வேறு கண் மருந்தோடு கலந்தா, சூடாக்கிப் பிழிந்து தனியாகவா என்ற கருத்துகளை இப்னுல் கைய்யிம் (ரஹ்) தம் நூலில் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நம் ஊரில் கிடைத்த ஏதோ ஒரு காளானைப் பிழிந்து கண்ணில் விடுவது ஹதீஸைப் பின்பற்றுவதாகாது. ஹதீஸ் சொல்லாத ஒரு பொருளை ஹதீஸின் பெயரால் பயன்படுத்துவதாகிவிடும். கண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டுப் பார்வையே பறிபோகலாம். மருத்துவம் தெரியாமல் வைத்தியம் செய்பவர் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாவார் என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸையும், இத்தகைய செய்திகளைப் பகிர்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே மழையில் முளைக்கும் விஷம்

உண்ணத்தக்க காளான் முளைக்கும் அதே மழையில்தான் விஷக் காளானும் முளைக்கிறது. 2022 ஏப்ரல் மாதம் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குழந்தையும் அவர்களில் உண்டு. ஆசிய நாடுகளிலிருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா சென்றவர்கள், தங்கள் ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து அங்குள்ள விஷக் காளானைச் சமைத்து இறந்த நிகழ்வுகளும் உண்டு. இரண்டும் குருத்துப் பருவத்தில் வெள்ளை முட்டைபோல ஒன்றாகத் தெரியும். வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மிகக் கொடிய காளான்களில் உள்ள விஷம் அமாடாக்ஸின். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சுவையிலும் வித்தியாசம் தெரியாது. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குப் பிறகு, சிலருக்கு மறுநாள்தான், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ஒருநாள் உடல் தேறியதுபோலத் தோன்றும். அந்த ஓய்வில் ஏமாந்துவிடக்கூடாது. உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்று, நான்கு நாளில் மஞ்சள் காமாலையும் மயக்கமும் வரும்போது மருத்துவர்களின் கைக்கு மீறிப் போயிருக்கலாம்.

நம்மிடையே புழங்கும் சில சோதனைகள் எவையும் நம்பத்தக்கவை அல்ல. வெள்ளிக்காசோ பூண்டோ போட்டு வேகவைத்தால் விஷம் இருந்தால் கறுக்கும் என்பது தவறு. எறும்பும் புழுவும் தின்றிருந்தால் மனிதனும் தின்னலாம் என்பது தவறு. நிறம் மங்கலாக இருந்தால் நல்லது என்பதும் தவறு. மிகக் கொடியவற்றில் சில தூய வெள்ளை நிறத்தவை. புற்றின் அருகே முளைத்தது எல்லாம் புற்றுக்காளானும் அல்ல.

இன்னொரு கவலையும் உண்டு. காளான் தான் வளரும் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ரப்பர் மரங்களில் இலை உதிர்வு நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து தெளிப்பது வழக்கம். களைக்கொல்லி தெளித்த தோட்டத்திலும், சாலையோரத்திலும், குப்பை கொட்டும் இடத்திலும் முளைத்த காளான் நல்ல இனமாகவே இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

காணி மக்களைப் போலச் சிறுவயது முதல் பார்த்துப் பழகியவர் உறுதியாக அடையாளம் சொன்னால் ஒழிய, தானாக முளைத்த காளானைச் சமைக்க வேண்டாம். படத்தைப் பார்த்தோ, கைபேசிச் செயலியைக் கேட்டோ முடிவு செய்யவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் எறிந்துவிடுவதில் இழப்பு ஒரு வேளைக் கறிதான். அறியாததை அறிந்தவர்களிடம் கேட்கவும், நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளாதிருக்கவும் குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. காளான் அடிப்படையில் ஹலால்தான். ஆனால் ஹலாலோடு, தூய்மையானதாகவும் கேடற்றதாகவும் இருக்க வேண்டும்.

நாம் தேடும் சத்துகளுக்குக் காட்டுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. எர்கோதயோனைன் வளர்ப்புக் காளான்களிலும் இருக்கிறது. மொட்டுக்காளானைவிடச் சிப்பிக்காளானில் சில மடங்கு அதிகம். பால்காளானும் ஒருகாலத்தில் காட்டுக் காளானாக இருந்ததுதான். மேற்கு வங்காளத்தில் 1974ஆம் ஆண்டு உண்ணத்தக்கது என்று விவரிக்கப்பட்டு, பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வழியாக ஏபிகே 2 என்ற ரகமாக 1998இல் உழவர்களிடம் வந்தது. 30 டிகிரிக்கு மேற்பட்ட நம் வெப்பத்திலும் நன்கு வளரும்.

சிப்பிக்காளான் வளர்க்க நெல் வைக்கோல் போதும். நாஞ்சில் நாட்டு வயல்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஊறவைத்து அவித்த வைக்கோலில் காளான் விதையைத் தூவி, பிளாஸ்டிக் பையில் அடைத்து, நிழலான கொட்டகையில் ஈரம் காத்தால் மூன்று, நான்கு வாரத்தில் முதல் அறுவடை கிடைக்கும். வீட்டிலிருந்தபடியே ஹலாலான வருமானம் தேடும் பெண்களுக்கு இது நல்ல வழி. நாகர்கோவில் அருகே திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

சமைக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். காளானைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். எர்கோதயோனைன் சூட்டைத் தாங்கும். ஆனால் தண்ணீரில் கரையும். எனவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வழவழப்பும் நாற்றமும் வந்த காளானை விலக்குங்கள். முதன்முறை சாப்பிடுபவர்கள் சிறிதளவோடு தொடங்குங்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும். காளானில் பொட்டாசியம் உண்டு என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டபின் சேர்த்துக்கொள்வது நல்லது.

காட்டுக் காளான் சாப்பிட்ட பின் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மோர், எலுமிச்சைச் சாறு என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எப்போது வாந்தி தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். மீதமிருக்கும் காளானையும் கறியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே கறியைச் சாப்பிட்ட மற்றவர்கள் நலமாக இருப்பதாகத் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறை தேறிவிட்டார் என்பதற்காகச் சிகிச்சையைப் பாதியில் விட்டு வீடு திரும்பாதீர்கள்.

நோய்க்கு மருந்தையும் இறக்கிய அல்லாஹ், அதைத் தேடியறியும் அறிவையும் நமக்குத் தந்திருக்கிறான். அடுத்த மழைக்காலத்தில் காளான் பற்றிய செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், பகிரும் முன் அதில் எது ஹதீஸ், எது ஆய்வு, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பாருங்கள். குடும்பத்தாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், தூய்மையான உணவையும், நல்ல ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.